அறுபது வயது கிட்டாரோடு மேடை ஏறியபோது

விண்டேஜ் கிட்டார்கள், அதாவது பழைய காலத்து கிட்டார்கள், பிடித்தவர்களின் விழா அது. என் முறை வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்துச் சுதி பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை, கிட்டாரைத்தான் பார்த்தார்.

"ஹார்மனி சாவரின் தானே தம்பி? எந்த வருஷம்?"

"ஐம்பதுகளின் கடைசி, சார். வித்தவர் அப்படித்தான் சொன்னார்."

அவர் பதில் பேசவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு பேனா டார்ச்சையும், பல் டாக்டரிடம் பார்த்திருப்போமே, நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடி, அதையும் எடுத்தார். "பார்க்கலாமா?" என்று கேட்டார். நான் தலையசைத்த பிறகுதான் கை நீட்டினார். கம்பிகளுக்கு நடுவே கண்ணாடியை நுழைத்து, உள்ளே ஒரு பக்கமாக வெளிச்சம் காட்டி, "நீங்களே பாருங்க" என்றார். முதுகுப் பலகையின் உட்புறத்தில், தூசிக்கு அடியில், மங்கிப்போன மை முத்திரை தெரிந்தது. எச்1260 என்ற மாடல் எண். சற்றுத் தள்ளி எஸ்-64. ஆறு வருஷமாக என்னிடம் இருக்கிற கிட்டார். அதற்குள் நான் ஒரு நாளும் டார்ச் அடித்துப் பார்த்ததில்லை.

"1964ல செஞ்சது. நல்ல வருஷம்தான். மேடையில சொல்றதுக்கு முன்னாடி தெரிஞ்சுகிட்டது நல்லதாப் போச்சு" என்றார்.

உண்மையில் அன்று மேடையில் ஐம்பதுகளின் கிட்டார் என்று சொல்லத்தான் எழுதி வைத்திருந்தேன். எதிரே உட்காரப் போகிற நூறு பேரில் எண்பது பேருக்காவது அது தப்பு என்று தெரிந்திருக்கும். யாரும் எழுந்து நின்று சொல்லியிருக்க மாட்டார்கள், ஆனால் அதற்குப் பிறகு நான் சொல்கிற எதையும் நம்பியிருக்க மாட்டார்கள். பழைய கிட்டாரோடு மேடை ஏறுகிறவர்கள் முதலில் அதன் உள்ளே பாருங்கள். ஹார்மனியில் மை முத்திரை இருக்கும். கிப்ஸன் கம்பெனி கிட்டாரில் கழுத்து வந்து சேரும் உட்கட்டையில் தொழிற்சாலை ஆர்டர் எண் இருக்கலாம். மார்ட்டின் கம்பெனி கிட்டாரில் வரிசை எண்ணே வருஷத்தைச் சொல்லிவிடும். எலக்ட்ரிக் என்றால் வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பாட் என்கிற பாகத்தின் பின்புறம் ஓர் எண் குத்தியிருப்பார்கள். 137 என்று தொடங்கினால் சி.டி.எஸ். கம்பெனி செய்தது, 304 என்றால் ஸ்டாக்போல் கம்பெனி. அதற்குப் பின் வரும் எண்களில் வருஷமும் வாரமும் இருக்கும். அது பாட் செய்யப்பட்ட தேதி. கிட்டார் அதற்குப் பிறகுதான் செய்யப்பட்டிருக்க முடியும்.

விண்டேஜ் கிட்டார் பிரியர்களுக்கென்றே நடக்கும் விழாவில் நான் வாசித்தது அதுதான் முதல் தடவை. அதற்கு முன் நிறைய சின்ன மேடைகள் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் பாட்டைக் கேட்க வருவார்கள், இல்லையென்றால் வாசிப்பவரைக் கேட்க வருவார்கள். இங்கே வாத்தியத்தைக் கேட்க வருகிறார்கள். ஒலிப்பதிவில் மட்டுமே கேட்டிருந்த ஒரு 1930களின் மார்ட்டினைப் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து கேட்க முடியும் என்பதற்காகவே பயணம் செய்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். நம் விரல் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது அவர்களுக்கு இரண்டாம் பட்சம். இது எனக்கு உறைத்தது விழாவுக்கு ஏழெட்டு வாரம் இருக்கும்போதுதான். நல்லவேளை, திருத்திக்கொள்ள நேரம் இருந்தது.

கிட்டாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஹார்மனி 1892ல் சிகாகோவில் தொடங்கிய கம்பெனி. 1916ல் அதை சியர்ஸ் நிறுவனம் வாங்கியது. அவர்களுடைய தபால் கேட்லாக் வழியாகவே அந்தக் கம்பெனியின் வாத்தியங்கள் ஏராளமான வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. 1975ல் கம்பெனி மூடப்பட்டது. மார்ட்டின், கிப்ஸன் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகளின் முதல் கிட்டார் இது. ஆனாலும் சாவரின் மாடலில் முகப்பலகை ஒட்டுப்பலகை இல்லை, முழு ஸ்ப்ரூஸ். பக்கமும் முதுகும் முழு மஹாகனி. லெட் ஸெப்பலின் இசைக்குழுவின் ஜிம்மி பேஜ் தன் அகூஸ்டிக் பதிவுகள் சிலவற்றில் வாசித்ததும் இதே எச்1260 மாடலைத்தான். என்னோடு வாசித்த நண்பருடையது, சியர்ஸுக்காக டேன்எலக்ட்ரோ கம்பெனி செய்து கொடுத்த சில்வர்டோன் என்ற எலக்ட்ரிக் கிட்டார். மரச்சட்டத்தின் மேல் மேசனைட் அட்டை ஒட்டிய உடம்பு, லிப்ஸ்டிக் குழாய்க்குள் அடைத்த பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்). இரண்டுமே கேட்லாக் கிட்டார்கள்.

போருக்கு முந்தைய மார்ட்டின்களுக்கும் கலமசூ ஊரில் தொழிற்சாலை இருந்த காலத்து கிப்ஸன்களுக்கும் நடுவில் இவற்றை மதிப்பார்களா என்று கவலையாகத்தான் இருந்தது. அந்தக் கவலைக்கு வேலையே இல்லை. ஒரு வாத்தியம் அதன் இயல்பில் ஒலிக்கிறதா என்பதை மட்டும்தான் அங்கே கேட்டார்கள்.

அதன் இயல்பு என்ன என்பதைத்தான் நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. முதலில் போட்ட பாட்டுப் பட்டியல், வழக்கமாக என் புதிய கிட்டாரில் வாசிப்பது. நீளமாகக் கார்வை கொடுக்கிற மெல்லிய துண்டுகள், அகலமான கார்டுகள், ஒரு சுரம் அடங்குவதற்குள் அடுத்தது வந்து அதன் மேல் படிகிற மாதிரி. போனில் பதிவு செய்து கேட்டேன். வறட்சியாக இருந்தது. சுரங்கள் வந்தவுடனே செத்துவிழுந்தன. கிட்டாரைக் குறை சொன்னேன், கம்பியை மாற்றினேன், மறுபடி பதிவு செய்தேன். அதே கதைதான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது எனக்குத்தான் பொருந்தியது.

காரணம் கிட்டாரின் வயிற்றுக்குள் இருக்கிறது. இன்று நாம் வாசிக்கும் பெரும்பாலான ஸ்டீல் கம்பி கிட்டார்களில் முகப்பலகைக்கு அடியில் இரண்டு பெரிய சட்டங்கள் எக்ஸ் போலக் குறுக்கே போகும். அந்த அமைப்பில் பலகை பரவலாக அதிரும், சுரம் நின்று ஒலிக்கும். என் ஹார்மனியில் சட்டங்கள் ஏணிப்படி மாதிரி ஒன்றுக்கொன்று இணையாக, குறுக்காக ஒட்டப்பட்டிருக்கின்றன. லேடர் பிரேஸிங் என்பார்கள். தட்டியவுடன் சுரம் சட்டென்று எழும், நடுவில் கனமாக இருக்கும், சீக்கிரம் அடங்கிவிடும். இதைக் குறை என்று நினைத்த வரைக்கும் என்னால் அந்தக் கிட்டாரை வாசிக்க முடியவில்லை. கட்டைவிரல் தாளம் விடாமல் ஓட, மேலே இரண்டு விரல் மெட்டைப் பிடிக்கிற பழைய ஃபிங்கர்பிக்கிங் பாணியை அதில் வாசித்த அன்று எல்லாம் விளங்கியது. சுரம் சீக்கிரம் அடங்குவதால்தான் கட்டைவிரல் அடிக்கும் ஒவ்வொரு பாஸ் சுரமும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. புதிய கிட்டாரில் அதே துண்டு கூழாகிவிடுகிறது.

பட்டியலில் ஒன்பதில் ஆறை எடுத்துவிட்டேன். மிச்சம் மூன்று, புதிதாக நான்கு. வேகத்தையும் குறைத்தேன். ஒவ்வொரு துண்டிலும் ஓர் இடத்தில் ஒரே ஒரு சுரத்தைத் தட்டிவிட்டு அது அடங்கும் வரை கையைத் தூக்கிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். விழாவில் அந்த இடங்களில்தான் ஆட்கள் முன்னால் சாய்ந்து கேட்டார்கள். நேரில் பார்த்தேன்.

கம்பி விஷயத்தில் பலர் தப்புச் செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன். 12 கேஜ் செட் (கேஜ் என்பது கம்பியின் தடிமன்) ஒன்றை வழக்கமான சுதியில் கட்டினால் ஆறு கம்பியும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு ஏறக்குறைய 70 கிலோ. அறுபது வருஷப் பசையும் சட்டமும் அதைத் தாங்கியே தீர வேண்டும் என்று நாம் கட்டளை போட முடியாது. நான் 11 செட்டுக்கு இறங்கினேன், சுதியையும் அரை இடம் இறக்கி ஈ ஃப்ளாட்டில் வைத்தேன். கம்பியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் அரை இடம் இறக்கினாலே சுமார் 11 சதவீதம் குறைந்துவிடும், முழு இடம் இறக்கினால் 20 சதவீதம் அளவுக்கு. கிட்டாருக்கு மூச்சு விட இடம் கிடைத்தது, குரலும் இன்னும் கனிந்தது. பாடுகிறவர் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான்.

மேடைக்கு ஒத்துக்கொள்வதற்கு முன் கழுத்தின் கோணத்தைப் பார்த்துவிட வேண்டும். நேரான ஓர் இரும்பு ஸ்கேலைக் கழுத்தில் குறுக்காகப் பதித்த ஃப்ரெட் கம்பிகளின் மேல் கழுத்து நீளத்துக்கு வைத்து, அதன் முனை பிரிட்ஜில் (முகப்பலகையில் கம்பிகள் மாட்டியிருக்கும் கட்டை) எங்கே முட்டுகிறது என்று பாருங்கள். பிரிட்ஜின் மேல்விளிம்பைத் தொட்டால் நல்லது. அதற்குக் கீழே, பிரிட்ஜின் மரத்தில் இடித்தால் கழுத்து முன்னால் வந்துவிட்டது என்று அர்த்தம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பி எழும்பி நின்று விரலைப் படுத்தும். அதற்கு வைத்தியம் நெக் ரீசெட். கழுத்தைக் கழற்றிச் சீவி மறுபடி ஒட்டுவது. பழைய கிட்டார்களில் கழுத்தை ஒட்டிய விலங்குப் பசை வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் விட்டுக்கொடுக்கும் என்பதால்தான் அது சாத்தியமாகிறது. அது விழாவுக்கு இரண்டு வாரம் முன்னால் செய்கிற வேலை கிடையாது. என்னுடையதை முந்தைய வருஷமே செய்து வைத்திருந்தேன், கழுத்து உட்கார்ந்து நிலைப்பட நேரம் இருந்தது.

இன்னொன்று, பிக்கப்புக்காகத் துளை போடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். கிட்டாரின் அடிப்பக்கம் பெல்ட் மாட்டும் பித்தான் துளையை ஜாக்குக்காக 12 மில்லிமீட்டருக்குக் குடைவது சாதாரணமாக நடக்கிறது. புதிய கிட்டாரில் பரவாயில்லை. அறுபது வருஷம் யாரும் தொடாத மரத்தில் ஒரு மாலைக் கச்சேரிக்காக அதைச் செய்துவிட்டால் திரும்ப வராது. ஒலித்துளையில் பிடித்து மாட்டும் காந்த பிக்கப் இருக்கிறது, கழற்றினால் தடம் இருக்காது. இல்லையென்றால் மைக் இருக்கிறது. இந்த மாதிரி விழாவில் மைக்கைத்தான் எல்லோரும் விரும்புகிறார்கள்.

பயணத்தில் பெரிய பிரச்சினை வரவில்லை. கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தினேன், தலைப்பகுதிக்கு அடியில் துணி மடித்து வைத்தேன், ஈரப்பதப் பொட்டலம் ஒன்றைப் பெட்டிக்குள் போட்டேன். போய்ச் சேர்ந்ததும் பெட்டியை உடனே திறக்கவில்லை. பழைய நைட்ரோசெல்லுலோஸ் வார்னிஷ் குளிரிலிருந்து சட்டென்று சூட்டுக்கு வந்தால் மெல்லிய கோடுகளாக வெடிக்கும், அதனால் அறையின் சூட்டுக்குப் பெட்டி பழகும் வரை இரண்டு மணி நேரம் அப்படியே விட்டேன். அதே வார்னிஷுக்கு இன்னொரு விரோதி ஸ்டாண்டில் இருக்கும் ரப்பர். விழாவில் கொடுக்கும் ஸ்டாண்டுகளில் கறுப்பு ரப்பர் இருந்தால் அதன் மேல் பருத்தித் துணி சுற்றாமல் கிட்டாரை வைக்காதீர்கள். சில நாள் வைத்தால் வார்னிஷ் உருகிக் குழைந்து தடம் விழும். மேடையில் அரை மணி நேரத்துக்கு ஒன்றும் ஆகாது என்றாலும் நான் அந்தப் பழக்கத்தை விடுவதில்லை.

எல்லை தாண்டிப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் (அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) முதல் பட்டியலில் இருக்கிறது. மற்ற ரோஸ்வுட் வகைகளால் செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019ல் விலக்குக் கிடைத்தது, பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அது இல்லை. தந்தம், ஆமை ஓடு ஆகியவையும் அப்படியே. வாத்தியச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போங்கள், அல்லது மஹாகனி கிட்டாரைக் கொண்டுபோங்கள். அன்று மேடையில் வாசித்த இன்னொருவர் பிரேசில் ரோஸ்வுட்டில் செய்த தன் பழைய மார்ட்டின் டி-28ஐ வீட்டில் விட்டுவிட்டு மஹாகனி டி-18ஓடு வந்திருந்தார், காரணம் இதுதான்.

இப்போது சொல்லப்போவதைத்தான் நான் எழுத உட்கார்ந்ததற்கு முக்கிய காரணமாக நினைக்கிறேன். விழாவுக்கு மூன்று வாரம் முன்பு ஒத்திகை. நண்பர் தன் சில்வர்டோனுக்குப் பொருத்தமாக ஒரு பழைய வால்வு ஆம்ப் (கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) இரவல் வாங்கி வந்திருந்தார். சத்தம் தேன் மாதிரி இருந்தது. ஒரு பாட்டில் அவர் பின்பாட்டுப் பாட மைக்கை நெருங்கினார். உதடு மைக்கின் வலையைத் தொட்டது, இடது கை கம்பிகளில் இருந்தது. தலை பின்னால் போனது, நாற்காலி சாய்ந்தது. சில நிமிஷம் அவரால் பேச முடியவில்லை. உதட்டில் வெள்ளையாக ஒரு தடம்.

அது ஏன் நடந்தது என்று தெரிந்தால் யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள். அந்தக் காலத்து ஆம்ப்களில் பலவற்றுக்கு இரண்டு முள் பிளக்தான். தரை இணைப்பு கிடையாது. இரைச்சலைக் குறைக்க மின் இணைப்பின் ஒரு கம்பிக்கும் ஆம்பின் உலோகச் சட்டத்துக்கும் நடுவில் ஒரு கெப்பாசிட்டர் போட்டிருப்பார்கள். அது பழசாகிக் கெட்டுப்போனால், அல்லது பிளக்கைத் திருப்பிச் செருகினால், சட்டத்தில் மின்சாரம் ஏறும். சட்டத்திலிருந்து கேபிள் வழியாகக் கிட்டாருக்கும் கம்பிகளுக்கும் வரும். மைக் ஒழுங்காகத் தரையோடு இணைந்திருக்கும். நடுவில் நிற்பது நாம்.

ஒரு நல்ல டெக்னீஷியனிடம் கொடுத்தோம். மூன்று கம்பி வயர் போட்டு, தரை இணைப்பைச் சட்டத்தோடு இறுக்கி, அந்தக் கெப்பாசிட்டரை எடுத்துவிட்டு, வற்றிப்போன எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களை மாற்றித் தந்தார். சத்தத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. அசல் வயரை மாற்றினால் மதிப்புப் போய்விடும் என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அசல் வயரைப் பையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள், வேண்டுமென்றால் கண்ணாடிப் பெட்டியில் மாட்டுங்கள், செருகாதீர்கள்.

அந்தக் காலத்து மலிவான சின்ன ஆம்ப்கள் சிலவற்றில் பவர் டிரான்ஸ்ஃபார்மரே இருக்காது, வீட்டு மின்சாரம் நேரடியாகச் சட்டம் வரை வரக்கூடிய அமைப்பு. வீட்டு மின் இணைப்பிலிருந்து தனிமைப்படுத்தும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடாமல் அவற்றை இயக்கவே கூடாது. 110 வோல்ட் ஆம்பை 230 வோல்ட்டில் ஓட்ட வைக்கும் ஸ்டெப் டவுன் பெட்டிகள் பல, மின்னழுத்தத்தைக் குறைக்குமே தவிரத் தனிமைப்படுத்தாது. இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். இப்போது நான் எந்த மேடையிலும் சவுண்ட் செக்கில் செய்கிற முதல் வேலை, மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து ஒரு முனையைக் கிட்டார் கம்பியிலும் மறுமுனையை மைக்கின் வலையிலும் வைப்பது. சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் காரணம் தெரியும் வரை யாரும் மைக்கிடம் போகக் கூடாது. ஒரு நிமிஷ வேலை.

விழாவின் சவுண்ட் செக் எங்களுக்குக் கிடைத்தது பதினைந்து நிமிஷம். ஒலிப்பொறியாளர் பொறுமைசாலி. சின்ன கண்டென்சர் மைக் ஒன்றைக் கழுத்து உடம்போடு சேரும் இடத்துக்கு நேராக, ஒரு சாண் தள்ளி வைத்தோம். ஒலித்துளைக்கு நேராக வைத்தால் காற்று முட்டி வெறும் ‘பூம்’ தான் வரும். மானிட்டர் ஸ்பீக்கரை மைக்கின் முதுகுப் பக்கத்துக்கு நேராகத் திருப்பினோம், கார்டியாய்ட் மைக் அந்தத் திசையில் குறைவாகக் கேட்கும். அப்படியும் கீழே ஒரு ஊளை கிளம்பியது. இந்த அளவுள்ள கிட்டாரின் உள்காற்று 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தானாக அதிரும், அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் வெட்டச் சொன்னேன், அடங்கியது. நண்பரின் சில்வர்டோனில் இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால் அவை ஒன்றன்பின் ஒன்றாக இணைந்து சத்தம் திடீரென்று கூடும். வேறு கிட்டார்களில் நடு நிலையில் அப்படி ஆகாது என்பதால் இதைப் பொறியாளரிடம் முன்கூட்டியே வாசித்துக் காட்டிவிட்டார். சிங்கிள் காயில் பிக்கப்பின் இரைச்சலுக்கு மேடையில் கைகொடுக்கும் மருந்து உட்காரும் திசையை மாற்றிப் பார்ப்பதுதான். மேடை விளக்குகளின் டிம்மர் இருந்த பக்கத்திலிருந்து கால்வட்டம் திரும்பி உட்கார்ந்ததும் பாதி குறைந்தது.

மேடை. முதல் இரண்டு துண்டு நன்றாகப் போயின. விளக்குச் சூட்டில் கம்பிகள் இறங்கியிருந்தன, மூன்றாவது கம்பியைச் சற்று ஏற்ற ட்யூனிங் கீயைத் திருகினேன். விரலுக்கிடையில் பிஸ்கட் நொறுங்குவது மாதிரி ஒரு சத்தம். கீயின் மேல் இருந்த தந்த நிற பிளாஸ்டிக் பித்தான் மூன்று துண்டாக என் உள்ளங்கையில் கிடந்தது. மெல்லிய உலோகத் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதை விரலால் திருக முடியவில்லை, சுதியோ கால் இடம் கீழே.

பொதுவாக மேடையில் இப்படி ஆனால் உடம்பு வேர்த்துவிடும். நான் கையை நீட்டிச் சபையிடம் துண்டுகளைக் காட்டினேன். "அறுபது வருஷ பிளாஸ்டிக்" என்றேன். முன்வரிசையில் ஓர் அம்மா எழுந்து கைப்பையைத் திறந்து ஒரு சின்ன ஊசிமூக்குக் குறடை எடுத்துக் கொடுத்தார். "எனக்கு இது ரெண்டு தடவை ஆயிருக்கு தம்பி, எப்பவும் கையிலேயே வெச்சிருப்பேன்" என்றார். குறடால் தண்டைப் பிடித்துத் திருகிச் சுதி சேர்த்தேன். சபை அமைதியாகக் காத்திருந்தது. சுதி வந்து நின்றபோது கைதட்டினார்கள், அன்று விழுந்த கைதட்டல்களில் அதுதான் பெரிது.

அந்தக் கால பிளாஸ்டிக் பித்தான்கள் சுருங்கி, உள்ளே உளுத்து, வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். மங்கலாகவோ முடிக்கோடு விட்டோ இருந்தால் மேடைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். அதே தண்டில் பொருத்துகிற புதுப் பித்தான்கள் கிடைக்கின்றன, தண்டைச் சூடாக்கி அழுத்தினால் உட்கார்ந்துவிடும். அசலைப் பையில் போட்டுப் பெட்டியோடு வையுங்கள். என் பெட்டியில் இப்போது ‘மூன்றாம் கம்பி, அசல்’ என்று எழுதிய ஒரு கவர் இருக்கிறது. குறடும் இருக்கிறது.

வாசித்து முடித்த பிறகுதான் விழாவின் இன்னொரு பாதி தொடங்கியது. ஆட்கள் வந்து பேசினார்கள். எது அசல், எது மாற்றியது என்று கேட்டார்கள். சேடில் (பிரிட்ஜில் கம்பிகள் ஏறி நிற்கும் துண்டு) புதியது, கழுத்து ரீசெட் ஆனது, பின்பக்கத்தில் ஒரு விரிசல் ஒட்டியது என்று எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்காமல் சொன்னதும் அவர்கள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். பழுது பார்த்த கிட்டார் என்றால் யாரோ அதை வாசித்திருக்கிறார்கள் என்பது அங்கே கணக்கு.

டி-18ஓடு வந்தவர் அதை என் கையில் கொடுத்தார். 1930களின் கிட்டார். கொடுப்பதற்கு முன் நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. வாங்குவதற்கு முன் கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிப் பையில் போட்டேன், பெல்ட் பக்கிளைப் பக்கவாட்டில் தள்ளினேன், சட்டைப் பித்தான் முதுகுப் பலகையில் உரசாதபடி மடியில் ஒரு துணியை விரித்தேன். அவர் அதைக் கவனித்ததை நான் கவனித்தேன். கழுத்தில் கேப்போ கிளிப் போடவில்லை, சுதியை மாற்றவில்லை. மெதுவாக ஒரு ஜி கார்டைத் தட்டினேன். முகப்பலகையின் அதிர்வு விலாவெலும்பில் இறங்கியது. முன்னங்கைக்கு அடியில் ஒருவர் மூச்சு விடுகிற மாதிரி. இதற்கு மேல் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நான்கு நிமிஷம் வாசித்துவிட்டுக் கழுத்தை அவர் கைக்கு நேராக நீட்டி, அவர் பிடித்துவிட்டார் என்று தெரிந்த பிறகே விட்டேன்.

கூட்டம் கலையும் நேரத்தில் குட்டிக் கண்ணாடியால் உள்ளே பார்த்த பெரியவர் வந்தார். "கொஞ்சம் வாசிக்கலாமா?" என்றார். ஹார்மனியைக் கொடுத்தேன். அவர் உட்கார்ந்தார், நான் எதிரே நின்றேன். ஆறு வருஷமாக அந்தக் கிட்டாரை நான் மேலிருந்து, என் காதுப் பக்கமாக வருகிற சத்தத்தில் மட்டுமே கேட்டிருக்கிறேன். முன்னால் நின்று கேட்டது அதுதான் முதல் முறை. எவ்வளவு பெரிய குரல் அதற்கு. கட்டைவிரல் சுரங்கள் ஒவ்வொன்றும் தரையில் வைத்த கல் மாதிரி வந்து உட்கார்ந்தன, மேலே மெட்டு தனியாக நடந்தது. அவர் வேகமாக எதுவும் வாசிக்கவில்லை.

நடுவில் நிறுத்தினார். "மூணாவது இறங்குது தம்பி."

நான் பையிலிருந்து குறடை எடுத்துத் தண்டைப் பிடித்து மெதுவாகத் திருகினேன். அவர் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தார். "போதும்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.